வலப்பக்கத்துக் குரல்

யோகராசாவுக்கு இந்த உலகத்தில் இரண்டே விஷயங்கள் சரியாக இருந்தாக வேண்டும். ஒன்று பூட்டு, மற்றது பாட்டு. மொன்றியல் நகரத்து நோத்ர-டாம்-த-கிரேஸில் முப்பத்தாறு வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றைப் பராமரிப்பது அவருடைய வேலை. அதன் அடித்தளத்திலேயே அவருக்கும் குடும்பத்துக்கும் வீடு. ஒன்பது வருடங்களாக அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவும் அவர் அனுமதி இல்லாமல் கிறீச்சிட்டதில்லை. பூட்டு வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதை முப்பத்தாறு வீட்டுக்காரரும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒத்துக்கொள்வார்கள். பாட்டில் அவர் அதைவிடக் கெட்டிக்காரர் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிவதற்கு மனிதர் பாடினால்தானே. பதின்மூன்று வருடங்களாக அவர் வாயிலிருந்து ஒரு வரி வந்ததில்லை. குளிக்கும்போதுகூட வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் குளிப்பார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவர் தன் வீட்டுப் பூட்டையே மாற்றினார். பழைய பூட்டில் குறை ஒன்றும் இல்லை. அது திறபடும் சத்தம் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான். மாற்றி முடித்த பிறகுதான், பல்கலைக்கழகம் முடிந்து நேரே வேலைக்குப் போயிருக்கும் மகள் நிலக்ஷியிடம் பழைய பூட்டைத் திறக்கிற திறப்புத்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. கிளி, அதாவது அவர் மனைவி, குக்கர் மூடியைத் திறந்தபடி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மெட்ரோ ஏறினார்.

நிலக்ஷி வேலை செய்வது செயின்ட் கத்தரின் வீதியில் உள்ள ஒரு பெரிய சிடி கடையில். யோகராசா அதற்குள் அதுவரை கால் வைத்ததில்லை. பாட்டு விற்கிற இடத்தின் வாசலிலேயே நின்று மகளைக் கையைக் காட்டிக் கூப்பிடுவார். அன்று அவள் உள்ளே சிடிகளைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் போனார்.

"அப்பா, என்ன இஞ்ச?"

"பூட்டு மாத்தினனான். இந்தா திறப்பு."

"திரும்பவுமோ?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அவர் திரும்பிப் போயிருப்பார். ஆனால் அவள் அடுக்கிக்கொண்டிருந்த தட்டுக்கு மேலே, பழைய இசைத்தட்டுகள் சிடியாகத் திரும்ப வந்திருக்கின்றன என்று பிரெஞ்சில் ஓர் அறிவிப்பு. அதற்குக் கீழே, ஓர் அட்டையில், நாலு கறுப்பின ஆண்கள் செம்மஞ்சள் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். அந்த முகங்களை யோகராசா முன்பின் பார்த்ததில்லை. ஆனால் அட்டையின் மேல் இருந்த பெயரைப் பார்த்ததும் அவர் கால் அங்கேயே நின்றுவிட்டது. 'த லாரல்வூட் ஃபோர்.'

அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் சோல் எனப்படும் வகைப் பாட்டுப் பாடிய நால்வர் அவர்கள். யோகராசா அவர்களை நீல நிறக் கோட்டில் கற்பனை செய்துவைத்திருந்தார். அந்தக் கற்பனையை நம்பி ஒருகாலத்தில் நாலு நீலக் கோட்டுத் தைப்பித்தும் இருந்தார். இப்போது பார்த்தால் கம்பளிச் சட்டை, அதுவும் செம்மஞ்சள்.

"பிள்ளை, இதைக் கேட்டுப் பாக்கேலுமோ?"

நிலக்ஷி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பா பாட்டுக் கேட்டு அவள் கண்டதில்லை. றேடியோவில் செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கினால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருகிற மனிதர். அவரைச் சுவரோரம் கூட்டிப்போய், சிடியைப் போட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டாள்.

"மூண்டாவது பாட்டு," என்றார் யோகராசா.

முதலில் அடிக்குரல் கிற்றாரில் நாலு சுரம். பிறகு டிரம். பிறகு முன்குரல் வந்தது, அவருக்குத் தெரிந்த அதே குரல், ஆனால் தூசி துடைத்துவிட்ட மாதிரித் தெளிவாக. ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவடியில் நின்று, வீட்டில் இருக்கிறாயா, நான் வந்திருப்பது கேட்கிறதா என்று கேட்கிற பாட்டு அது. கேட்டு முடிந்ததும் நாலு தாளத்துக்குக் குரலே இருக்காது. யோகராசாவுக்கு அந்த நாலு தாளமும் தன் உள்ளங்கை ரேகைபோலத் தெரியும். வலது கை தானாகவே மேலே எழும்பியது.

அப்போது அவருடைய வலது காதுக்குள் ஒரு மனிதன் பாடினான்.

யோகராசா வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கிழவி அக்கோர்டியன் சிடிகளைப் புரட்டிக்கொண்டு நின்றாள். அவர் முறைப்பதைக் கண்டு, "பொன்ஜூர்" என்றாள் மரியாதையாக.

"ஆர் பாடினது?" என்றார் யோகராசா. காதை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் பேசுகிற சத்தத்தில்தான் கேட்டார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அப்பா, மெல்லக் கதையுங்கோ! ஒருத்தரும் பாடேல்லை."

"இந்தக் காதுக்குள்ள ஒருத்தன் பாடுறான்."

"அது பாட்டிலதான் இருக்கு."

"இந்தப் பாட்டில அது இல்லை, பிள்ளை. எனக்குத் தெரியும். இதை நான் முந்நூறு தரம் பாடியிருக்கிறன்."

ஊரில் நடந்தது எதுவும் நினைவில் இல்லாத நிலக்ஷிக்கு அப்பா பாடியதும் செய்தி, முந்நூறு தரம் என்பதும் செய்தி. ஆனால் கடையில் வைத்து எதைத்தான் விசாரிப்பது. அவள் ஹெட்போனின் வலது பக்கத்தை மட்டும் அவர் காதிலிருந்து விலக்கினாள். பாடிய மனிதன் மறைந்துபோனான். முன்குரலும் பின்னால் இரண்டு பேரின் முனகலும் டிரம்மும் மட்டும் இருந்தன, கேள்விக்குப் பின்னால் அதே பழைய மௌனம். திரும்ப வைத்தாள். அந்த மனிதன் வந்து பதில் சொன்னான், பின்னால் வயலின்களும் வந்தன. எடுத்தாள், வைத்தாள்.

"அந்தக் காலத்து ஸ்டீரியோ இப்பிடித்தான். கொஞ்சக் குரலை இடது பக்கம் போட்டிருப்பினம், மிச்சத்தை வலது பக்கம். நீங்கள் முந்திக் கேட்டது ஒரு பக்கம் மட்டும்தான் போலக் கிடக்கு, அப்பா."

யோகராசா ஹெட்போனைக் கழற்றி, கவனமாக அதன் இடத்தில் கொழுவினார். பிறகு அங்கே இருந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஏன் உட்கார்ந்தார் என்பதற்குத் திருகோணமலைக்குப் போக வேண்டும், அதிக நேரம் அங்கே நிற்க மாட்டோம். எண்பதுகளின் தொடக்கத்தில் நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் நாலு பேர் பாடுவார்கள். வெள்ளைக்காரர்கள் இறால் உரித்தபடி கேட்பார்கள். குழுவுக்குக் கொட்டியாரக் குடாவின் பெயரை வைத்து 'கொட்டியார் ஃபோர்' என்று பெயர். யோகராசா தலைவர், முன்குரல் அவருடையது. ஞானேந்திரனும் செபமாலையும் பின்னால் நின்று 'ம்ம்' என்று இழுப்பார்கள். நாலு பேரிலும் இளையவனான கிருபானந்தன் கிற்றார் வாசிப்பான். அவர்களிடம் இருந்த செல்வம் ஒரேயொரு கசெற். துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றின் சமையல்காரனிடம் லாரல்வூட் ஃபோரின் இசைத்தட்டு ஒன்று, அட்டை தொலைந்த நிலையில், இருந்தது. கப்பல் புறப்படுவதற்குள் அவசர அவசரமாக அதைத் தியாகலிங்கத்தின் றெக்கோடிங் பார் என்ற பாட்டுப் பதியும் கடையில் கொடுத்துக் கசெற்றில் பதிந்துகொண்டார்கள்.

குழுவில் யோகராசா வைத்ததுதான் சட்டம். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: றெக்கோட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பாட்டு. மூச்சு விடும் இடம்கூட மாறக்கூடாது. ஒரு பாட்டின் நடுவில் முன்குரல்காரர் லேசாகச் செருமுவார். யோகராசா அந்தச் செருமலையும் வீட்டில் இருந்து பழகி, வாரந்தோறும் அதே இடத்தில் செருமினார். மூன்றாவது பாட்டுத்தான் அவருடைய வெற்றி. கேள்வியைக் கேட்டுவிட்டு வலது கையை மேலே தூக்கி அப்படியே நிறுத்துவார். நாலு தாளத்துக்குச் சத்தமே இருக்காது. இறால் உரிப்பவர்கள்கூட நிறுத்திவிடுவார்கள். "அவள் பதில் சொல்லமாட்டாள். அந்தச் சத்தமில்லாத இடம்தான் பாட்டு," என்று மற்ற மூவருக்கும் விளக்கம் கொடுப்பார். ஒருமுறை கிருபானந்தன், பெயர் ஃபோர் என்றிருக்க இந்தப் பாட்டில் மூன்று குரல்தானே கேட்கிறது என்றான். நாலாவது ஆள் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான் என்று சொல்லி அவன் வாயை அடைத்தார் யோகராசா.

எண்பத்திரண்டில் ஒரு ஞாயிறு, கேள்வியைக் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு அவர் நிற்கிறார், பின்னால் இருந்து கிருபானந்தன் பாடினான். அந்த மௌனத்துக்குள் ஒரு பதில். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். யோகராசாவுக்கு அந்தக் கைதட்டல் முகத்தில் விழுந்தது. முடிந்ததும் ஹோட்டல் குசினிக்குள் வைத்து, என்ன அது என்று கேட்டார். றெக்கோட்டில் இருக்கிறது, கப்பலில் சமையல்காரனுடைய மெஷினில் நான் கேட்டேன் என்றான் கிருபானந்தன். யோகராசா கசெற்றைக் கொண்டுவந்து, சமைக்கிற கோக்கிமார், கோப்பை கழுவுகிறவர்கள், பரிமாறுகிறவர்கள் எல்லாரையும் நிற்பாட்டிவைத்துப் போட்டுக் காட்டினார். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. "பொய்யன்," என்றார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. கிருபானந்தன் நீலக் கோட்டைக் கழற்றி, மடித்து, வெங்காய மூட்டைக்கு மேல் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கொட்டியார் ஃபோர் மூன்று பேராகி, ஒருவரும் இல்லாமல் ஆனது. அடுத்த வருடம் நாடு பற்றியெரிந்தது, ஆளுக்கொரு திசையாகப் போனார்கள்.

கிருபானந்தன் வந்து சேர்ந்தது மொன்றியலுக்குத்தான். ஆறு வருடமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்டில் இருக்கிறான். கல்யாண மண்டபங்களிலும் செத்தவீடுகளிலும் காண்பார்கள். ஒருவர் மேடைப் பக்கம் நின்றால் மற்றவர் சாப்பாட்டுப் பக்கம். இந்த ஏற்பாட்டை அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

இப்போது அந்தச் சிடி கடைப் பெட்டியின் மேல் இருந்த யோகராசாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. தியாகலிங்கத்தின் மெஷினில் ஒரு பக்கத்து வயர் கழன்று கிடந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஊரில் எல்லார் வீட்டு றேடியோவுக்கும் ஒரு ஸ்பீக்கர்தான், யாருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். ஊர் முழுக்கப் பாதிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு முழுப்பாட்டு என்று தலையாட்டியிருக்கிறது. ஊர் போகட்டும். கழன்றுபோன ஒரு வயரை மகா மௌனம் என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அவரல்லவா. அதைவிட, உள்ளதைச் சொன்ன ஒருவனைப் பத்துப் பேருக்கு முன்னால் பொய்யன் என்றவரும் அவர்தான். வெட்கம் அவர் காதுமடல்வரை ஏறியது.

சிடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கிளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிளி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப, நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டதெல்லாம் வயர் கழண்டதுக்கோ?"

"பகிடி விடாதை. நான் அவனிட்டப் போகோணும்."

"போங்கோ. ஆர் மறிச்சது?"

"கதவைத் திறக்காட்டி?"

"நீங்கள் உடைக்காத பூட்டோ?" என்றாள் கிளி. பிறகு குரலை இறக்கி, "போய்ச் சொல்லுங்கோ, என்னப்பா. அவர் திறந்தாலும் சரி, திறக்காட்டியும் சரி. நீங்கள் பாடாமல் இருக்கிறதைப் பதின்மூண்டு வருசமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன். எனக்கும் அலுத்துப்போச்சு," என்றாள். அவள் அப்படி நேராகச் சொன்னது அதுவே முதல் தடவை. யோகராசா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் மகளின் சின்னச் சிடி பிளேயரில் அந்தப் பாட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். வலப்பக்கத்து மனிதன் நன்றாகத்தான் பாடினான். கனமான குரல், கேள்விக்குப் பதிலாக மெல்லக் கீழே இறங்கி, ஆறுதலாக முடித்துவைக்கிற பாட்டு. அப்படி இருந்தும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது அவருக்கு ஏதோ இடறியது. கேட்டுப் பழக்கம் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ரொறொன்ரோவில் இருக்கும் ஞானேந்திரனுக்கு ரெலிபோன் எடுத்து முகவரி வாங்கினார். எதற்கு என்று கேட்ட ஞானேந்திரனுக்கு, பேந்து சொல்லுறன் என்று வைத்துவிட்டார். வில்லா மரியாவில் மெட்ரோ ஏறி, பொனவஞ்சரில் இறங்கி, புரோசார்ட் பஸ்ஸைப் பிடித்தார். பஸ் சாம்ப்லேன் பாலத்தில் ஏறியபோது என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். கிருபா, நீ சொன்னது சரி. இல்லை, கிருபா, நான் சொன்னது பிழை. இரண்டும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது வாயில் இருந்து வருவதற்குக் கடினமாக இருந்தது. அதனால் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தார்.

அழைப்பு மணியை அழுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் பூட்டைப் பார்த்தார். மலிவான பூட்டு. உள்ளே திறப்புச் சுற்றுகிற சத்தம் கேட்டது, கதவு திறந்தது. கிருபானந்தன் நின்றான். முன்தலை வழுக்கை, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு துவாய். ஒருகாலத்தில் வாக்கியத்துக்கு ஒரு 'யோகண்ணை' போட்டுக் கதைத்தவன், இப்போது முறையும் வைக்காமல் பெயரும் சொல்லாமல் கேட்டான்.

"என்ன, ஆரும் மோசம் போயிட்டினமோ?"

கேட்டதில் தப்பில்லை. செத்தவீட்டுச் செய்தி இல்லாமல் இந்த மனிதர் இந்தக் கதவுக்கு வருவதற்கு வேறு காரணம் ஏது.

"ஒருத்தரும் மோசம் போகேல்லை. ஒரு பாட்டுக் கேக்கோணும், கிருபா. கேட்டிட்டுப் போறன்."

கிருபானந்தன் அவர் கையில் இருந்த சிடியைப் பார்த்தான். அட்டையில் இருந்த பெயரை வாசித்தான். கதவை அகலத் திறந்துவிட்டு உள்ளே நடந்தான். வா என்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

கூடத்தில் ஒரு பெரிய ஸ்டீரியோ செற் இருந்தது. அதற்கு மேல் கைப்பின்னல் விரிப்பு, விரிப்புக்கு மேல் மாதா சுரூபம், பக்கத்தில் சுவரோடு சாய்த்துக் கிற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசையில் அவன்தான் வாசிக்கிறான் என்று யோகராசா கேள்விப்பட்டிருந்தார். கிருபானந்தனின் மனைவி றோஸலின் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கோ, இருங்கோ" என்றாள். கணவனின் முகத்தைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்காமல் தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

மூன்றாவது பாட்டுத் தொடங்கியது. இரண்டு பேரும் நின்றபடியே கேட்டார்கள். கேள்வி வந்தது. வலது ஸ்பீக்கரில் இருந்து அந்த மனிதன் பதில் சொன்னான். யோகராசா பாட்டை நிறுத்தினார்.

"தியாகலிங்கத்தின்ர மெஷினில ஒரு பக்கம் வேலை செய்யேல்லை. எங்கட கசெற்றில பாதிதான் கிடந்தது. நீ சொன்னது இருந்திருக்கு, கிருபா. நான் சொன்னதுதான் பிழை. அவ்வளவு சனத்துக்கு முன்னால உன்னைப் பொய்யன் எண்டனான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

சொல்லிவிட்டார். ஒத்திகை பார்த்ததைவிடச் சுலபமாக வந்தது. கிருபானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துவாயால் துடைத்தான்.

"இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டார். கிருபானந்தன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டான்.

"நல்லாப் பாடுறான்," என்றான். "ஆனா இது நான் பாடினது இல்லை."

"அது சுரம் கொஞ்சம் மாறி ஞாபகம் இருந்திருக்கும். கப்பலில ஒருக்காக் கேட்டதுதானே..."

"நான் கேக்கேல்லை."

"என்ன கேக்கேல்லை?"

"நான் அந்தக் கப்பலுக்குப் போகவே இல்லை. என்னை ஆர் ஏற விட்டது? றெக்கோட்டைக் கண்ணாலயும் காணேல்லை. நானாப் போட்டது அது. பொய்தான் சொன்னனான்."

யோகராசா ஆற்றைக் கடந்து காவிக்கொண்டு வந்த மன்னிப்பு, இப்போது யார் யாரிடம் கேட்க வேண்டியது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றது. பதின்மூன்று வருடம் பேசாமல் இருந்தது சரியா பிழையா, அதுவும் தெரியவில்லை. றோஸலின் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னாய்?"

"வேற என்னத்தைச் சொல்ல? நானா உண்டாக்கினது எண்டு சொன்னா விட்டிருப்பிங்களோ?"

யோகராசா யோசித்துப் பார்த்தார். விட்டிருக்க மாட்டார். செருமலைக்கூட மாற்ற விடாத மனிதர், ஒரு குரலையா சேர்க்க விட்டிருப்பார்.

கிருபானந்தன் தேத்தண்ணியை எடுத்தான், குடிக்கவில்லை. "நான் உங்களுக்குப் பின்னால நிக்கிறனான். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் கதவடியில நிண்டு கூப்பிடுவிங்கள். ஒருத்தரும் பதில் சொல்லமாட்டினம். நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு தனிய நிப்பிங்கள். எனக்கு அது பொறுக்கேலாமல் இருந்தது. ஒரு மனுசன் இவ்வளவு கேக்கேக்க ஆராவது ஒரு ஆள் பதில் சொல்ல வேண்டாமோ? அதான் சொன்னன்."

யோகராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் சிரமப்படவும் இல்லை. அந்த மத்தியானம் கைதட்டல் விழுந்தது தன் முகத்தில் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். அந்தப் பதில் தனக்குச் சொன்ன பதில் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"கிருபா, ஒண்டு சொல்லுறன். கடையில இதைக் கேட்ட நேரத்தில இருந்து எனக்கு ஏதோ இடறிக்கொண்டே இருக்கு. என்னெண்டு இப்பத்தான் விளங்குது. இந்தாள் கீழ இறங்கி முடிக்கிறார். நீ மேல போய், முடிக்காமல் பாதியில நிப்பாட்டினாய். இந்த இடம் வரேக்க நான் உன்ர குரலுக்குத்தான் காத்துக்கொண்டு இருந்திருக்கிறன். ஒரேயொரு நாள் கேட்டது. பதின்மூண்டு வருசமா அது எனக்குள்ள இருந்து போகேல்லை." அவர் சிடியின் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "இதில இருக்கிறது பிழை."

"றெக்கோட்டில இருக்கிறது பிழையோ?"

"ஓம். பிழை."

யோகராசாவின் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று கொட்டியார் ஃபோரில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். கிருபானந்தனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவன் சிரிப்பதற்குள் யோகராசா எழுந்து செற்றின் முன்னால் போய் நின்றார். வரிசையாக நாலைந்து குமிழ்கள். பலன்ஸ் என்று எழுதியிருந்த குமிழைப் பிடித்து, இடப்பக்கம் கடைசிவரை திருகினார். பாட்டைத் திரும்பவும் போட்டார். வலது ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. வயலின்கள் இல்லை, அந்த நல்ல பாடகரும் இல்லை. தியாகலிங்கத்தின் கழன்ற வயர் திருகோணமலையில் செய்ததை, மொன்றியலில் அவர் வேண்டுமென்றே செய்தார்.

கேள்வி வந்தது. நாலு தாளம் வெறுமையாகப் போயிற்று. கிருபானந்தன் பாடவில்லை. கிற்றாரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

இரண்டாவது அடி தொடங்கியது. யோகராசா வாயைத் திறந்தார். முதலில் காற்றுத்தான் வந்தது, பிறகு ஒரு கரகரப்பு, பிறகு குரல். துருப்பிடித்த குரல்தான். ஆனால் சுருதி விலகவில்லை. குசினியில் தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. செற்றில் பாடுகிறவரோடு சேர்ந்து அவர் கதவடியில் நின்று கேட்டார், வீட்டில் இருக்கிறாயா, நான் வந்திருப்பது கேட்கிறதா என்று. கேட்டு முடிந்ததும் அவருடைய வலது கை, தன் பழக்கத்தை விடாமல், மேலே எழும்பியது.

"கையைக் கீழ விடுங்கோ, யோகண்ணை," என்றான் கிருபானந்தன்.

யோகராசா கையைக் கீழே விட்டார். தாளம் இன்னும் இரண்டு மிச்சம் இருந்தது. அதற்குள் கிருபானந்தன் பாடினான். மேலே போய், முடிக்காமல், பாதியில் நிறுத்தினான்.

அடுத்த அடி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இவர் கேட்டார், அவன் பதில் சொன்னான். யோகராசாவின் இடது கை மட்டும் அந்தக் குமிழை விடவே இல்லை. அது எங்கேயாவது நடுவுக்குத் திரும்பிவிடுமோ என்று, பாட்டு முடியும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.